அப்பாவின் பழைய சைக்கிளில் என்ஜின் பூட்டலாமா?

கேள்வி இதுதான். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு 65 வயது, முழங்கால் தேய்மானம். வீட்டிலிருந்து வயல் 6 கிலோமீட்டர். மொபெட் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார், தன்னுடைய பழைய ஹெர்குலஸ் சைக்கிளைத்தான் எடுப்பேன் என்கிறார். கொல்லையில் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் ஒன்று சும்மா கிடக்கிறது, 35 சிசி. ஆன்லைனில் ‘80 சிசி சைக்கிள் என்ஜின் கிட்’ விற்கிறார்கள். இரண்டில் எதைப் பூட்டலாம், போலீஸ் பிடிக்குமா?

பூட்ட முடியுமா என்றால் முடியும். லேத் பட்டறையும் வெல்டிங் பட்டறையும் இருக்கிற எந்த ஊரிலும் ஒரு நாளில் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு என்ஜினுமே உங்கள் அப்பாவுக்கு ஆகாது. கிட் அவர் முழங்காலுக்கு ஆகாது, ஸ்பிரேயர் என்ஜின் சைக்கிளுக்கே ஆகாது. போதாததற்கு, இரண்டையும் ரோட்டில் ஓட்டச் சட்டம் இடம் தராது. ஏன் என்று சொல்கிறேன், எது ஆகும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு பவர் வேண்டும்? கொடைக்கானலில் ஓட்டுகிறவருக்குத்தான் அது பெரிய கேள்வி. நம் பக்கம் ஏற்றம் என்றால் பாலம் ஏறுவது, ஆற்றங்கரை ஏறுவது, அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற கனமான சைக்கிளைச் சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் கொண்டுபோக 100 முதல் 150 வாட் போதும். ஆடி மாதத்து மேல்காற்று எதிரே அடித்தால் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். அறுப்பு முடிந்து மரமே இல்லாத வெட்டவெளியில் கிழக்கேயிருந்து மேற்கே சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். அப்படியே வைத்துக்கொண்டாலும் 300 வாட். 25 சிசி நாலு ஸ்ட்ரோக் புல்வெட்டி என்ஜின் ஒன்று 700 வாட் கொடுக்கும். ஆக டெல்டாவில் பவர் ஒரு பிரச்சினையே இல்லை. நிற்பது, சக்கரம் தாங்குவது, மழை, அப்புறம் பேப்பர், இந்த நாலும்தான் பிரச்சினை. என்ஜின் வாங்குகிறவர்கள் சிசியைக் கேட்பார்கள், இவற்றைக் கேட்கமாட்டார்கள்.

இப்போது கிட். பெட்டியின் மேல் 80 என்று போட்டிருப்பார்கள். உள்ளே சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். ‘48 சிசி’ என்று விற்பதில் விட்டம் 40 மி.மீ., அதில் எண் பொய் சொல்லாது. இரண்டுமே டூ ஸ்ட்ரோக். ஃபிரேமின் நடுவில், பெடலுக்கு மேலே உள்ள முக்கோணத்தில் உட்கார்ந்துகொள்ளும். என்ஜின் பக்கம் 10 பல், பின்சக்கரத்தில் 44 பல், என்ஜினுக்குள்ளேயே ஒரு நாலு மடங்குக் குறைப்பு. எல்லாம் சேர்த்து என்ஜின் சுமார் 18 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நம் 28 இஞ்ச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர் வரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எப்படி ஸ்டார்ட் செய்வது? கயிறும் கிடையாது, கிக்கரும் கிடையாது. இடது கையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, சைக்கிளை மிதித்து ஒரு வேகம் பிடித்து, கிளட்சை விட வேண்டும். டயர் என்ஜினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் ஆகும். முழங்கால் வலிக்கிறது என்றுதானே என்ஜின் கேட்டீர்கள்? சேறு ஒட்டிய டயரோடு, முன்னைவிடப் பத்து கிலோ கூடுதலான சைக்கிளை, காலையில் ஒருமுறையும் நின்ற இடத்திலெல்லாம் ஒருமுறையும் அவர் மிதித்து வேகம் எடுக்க வேண்டும். பாலத்து ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் இறங்கித் தள்ளுவதைத் தவிர வழி இல்லை. போகட்டும் என்று பார்த்தால், என்ஜின் இரண்டு கால்களுக்கு நடுவே உட்காருவதால் முழங்காலை அகட்டியே ஓட்ட வேண்டியிருக்கும். சில சைக்கிளில் பெடல் கிராங்க் சைலன்சரில் இடிக்கும், கிராங்கை வளைத்துக் கொடுப்பார்கள்.

கிட்டின் இரண்டாவது வில்லங்கம் பின்சக்கரத்தில். 44 பல் சக்கரத்தை ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில் பூட்டமாட்டார்கள், போக்ஸ் கம்பியில் பூட்டுவார்கள். கம்பிகளுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வட்டு, வெளிப்பக்கம் ஒன்று, நடுவே கம்பிகளைக் கவ்வி ஒன்பது போல்ட் போட்டு இறுக்குவது. இந்த ஒன்பது என்ற கணக்கு 36 கம்பி சக்கரத்துக்கு ஏற்பட்டது. ஒரு பக்கத்துக்கு 18 கம்பி, ஜோடிக்கு ஒரு போல்ட். நம்மூர்ப் பழைய கனரக சைக்கிள்கள் இங்கிலாந்து வழக்கத்தில் வந்தவை: முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஒரு பக்கம் 20 கம்பி, பத்து ஜோடி. ஒன்பது போல்ட்டைப் பத்து இடத்தில் போட்டால் சில போல்ட் கம்பியின் மேலேயே ஏறி அதை நெளித்துவிடும். நெளிந்த கம்பி அன்றைக்கே அறாது. நடவு நேரத்தில், அவசரமாகப் போகும்போது, படபடவென்று மூன்று நாலாக அறும். இப்போது வரும் சைக்கிள்களில் இரண்டு சக்கரத்திலும் 36 இருப்பதும் உண்டு. அதனால் கிட் வாங்க நினைக்கிற யாரும் முதலில் கீழே உட்கார்ந்து பின்சக்கரக் கம்பியை எண்ணுங்கள். 40 இருந்தால் ஒன்று வேறு சக்கரம் கட்ட வேண்டும், இல்லை ஹப்பைக் கவ்வுகிற மாதிரி லேத்தில் ஒரு கிளாம்ப் கடைய வேண்டும். இரண்டாவது வழிதான் எப்போதும் மேல். இழுவிசையைக் கம்பியின் நடுவில் கொடுப்பதே தவறு, ஹப்பில்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்து செயின். என்ஜின் செயின் இடதுபக்கம் ஓடும். 415 என்று கேட்டால் கொடுப்பார்கள். பல் இடைவெளி சைக்கிள் செயின் மாதிரியே அரை இஞ்ச், அகலம் மட்டும் கூடுதல். கிட்டோடு ஒரு சிறிய உருளை வரும், செயின் தொய்வை எடுக்க. அதைப் பின்பக்கக் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்வார்கள். இந்த உருளைதான் இருப்பதிலேயே ஆபத்தான சாமான். அதிர்வில் கிளாம்ப் தளர்ந்தால் அது சுழன்று நேராகக் கம்பிக்குள் போகும், பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். முடிந்தவரை செயினைச் சரியான நீளத்துக்கு வெட்டி, பின்அச்சை இழுத்துத் தொய்வெடுத்து, உருளையே இல்லாமல் ஓட்டுவது நல்லது. என்ஜின் பல்லும் பின்சக்கரப் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

சரி, உங்கள் அப்பா வேட்டிதானே கட்டுவார்? வலதுபக்கச் செயினுக்கு முழுக் கவர் இருக்கும், வேட்டி மாட்டாது. இடதுபக்கம் அவருக்கு இத்தனை வருஷமாகச் செயினே இல்லாத பக்கம். இடது பெடலில் கால் வைத்து, இரண்டு உந்து உந்தி, வலது காலை வீசி ஏறுகிறவர் அவர். அந்தக் கால் வைக்கிற இடத்தில்தான் இப்போது திறந்த செயின் ஓடும், முன்னால் சூடான சைலன்சரும் இருக்கும். வெளிநாட்டுக்காரன் வீடியோவில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்து நாம் கிட் வாங்குகிறோம். தகரத்தில் ஒரு செயின் கவர் அடித்து மாட்டாமல் இதை வேட்டிக்காரரிடம் கொடுக்கக் கூடாது.

ஸ்பிரேயர் என்ஜினைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் மாட்டிக் காற்றோடு மருந்து அடிக்கிற வகை என்றால், அதில் விசிறி நேராக என்ஜின் தண்டிலேயே மாட்டியிருக்கும். கிளட்ச் கிடையாது. பல மாடல்களில் என்ஜினைக் குளிர்விக்கிற காற்றும் அந்த விசிறியிலிருந்தே வருகிறது. விசிறியைக் கழற்றிவிட்டுச் சைக்கிளில் பூட்டினால் நிறுத்தும்போதெல்லாம் என்ஜின் அணையும், ஓடும்போது சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும். நல்ல ஸ்பிரேயரும் போய், சைக்கிளும் போகும். அதைத் துடைத்து மருந்தடிக்கவே வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கிறது என்றீர்களே, டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் இன்றே வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய கார்புரேட்டரின் ரப்பர் சாமான்களைக் கெடுக்கும். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்துவைப்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும்.

என்ஜின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது புல்வெட்டி என்ஜின். அதில் மூன்று வசதி. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யலாம், கால் வேண்டாம். மையவிலக்குக் கிளட்ச் உள்ளேயே இருக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் நிற்கும். குளிர்விக்கும் விசிறி அதிலேயே இருப்பதால் மெதுவாக ஓட்டினாலும் சூடேறாது. ஒரே ஒரு கஷ்டம், அது ரொம்ப வேகமாகச் சுற்றும். 7,000 சுற்றை மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 45 மடங்குக்கு மேல் குறைக்க வேண்டும். ஒரு செயினில் அது நடக்காது, தனியாகக் கியர்பாக்ஸ் வேண்டும்.

இதற்குக் குறுக்குவழிதான் உருளை முறை. கிளட்ச் டிரம்மோடு சேர்த்து ஒரு இரும்பு உருளையை லேத்தில் கடைந்து, பின்டயரின் மேல் அழுத்தி வைப்பது. டயரே பெரிய கியர் ஆகிவிடும். 28 மி.மீ. உருளையின் சுற்றளவு 88 மி.மீ., என்ஜின் 6,000 சுற்று ஓடினால் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். வேகம் குறைய வேண்டுமென்றால் உருளை மெலிய வேண்டும், ஆனால் 25 மி.மீ.க்குக் கீழே போனால் டயரைப் பிடிக்காமல் அரைக்க ஆரம்பிக்கும். உருளையைத் தூக்கிவிட ஒரு நெம்புகோல் வைத்துவிட்டால் வேண்டாதபோது சைக்கிள் பழையபடி சைக்கிள். செயின் இல்லை, கம்பியைத் தொடும் போல்ட் இல்லை, ஃபிரேமில் துளை போட வேண்டியதில்லை. பிரான்சில் 1946இல் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் இதே முறைதான், முன்சக்கரத்தின் மேல் என்ஜின், உருளை டயரைத் தேய்த்து ஓட்டும். லட்சக்கணக்கில் விற்றது.

ஆனால் பிரான்சுக்கு ஐப்பசி கார்த்திகை கிடையாது. நனைந்த டயரில் உருளை வழுக்கும். வெறும் தண்ணீரென்றால் கொஞ்சம் அழுத்தம் கூட்டிச் சமாளிக்கலாம். நம்முடையது களிமண். சம்பா நடவு சமயத்தில் டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து ரோட்டுக்கு இழுத்துவிட்ட சேற்றில் பத்தடி ஓடினால் போதும், டயர் முழுக்க வழவழவென்று ஒரு பூச்சு ஏறிவிடும். உருளை அதன்மேல் சுற்றிக்கொண்டே இருக்கும், சைக்கிள் நகராது. அது காய்ந்ததும் மணல்தாள் மாதிரி டயரைத் தின்னும். உருளை வைக்க இடம் வேண்டி பின் மட்கார்டை வெட்டியிருப்பார்கள், சேறெல்லாம் முதுகில். தை மாதத்திலிருந்து புரட்டாசி வரைக்கும் அருமையான ஏற்பாடு, மிச்ச மூன்று மாதம் சைக்கிளை மிதித்துத்தான் போக வேண்டும். அந்த மூன்று மாதத்தில்தான் தினமும் வயலுக்குப் போகிற வேலை இருக்கும்.

எந்த என்ஜின் வைத்தாலும் மாறாத ஒன்று பிரேக். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் அப்பாவின் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக். கைப்பிடியை இழுத்தால் இரும்புக் கம்பிகள் வழியாக ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்வட்டத்தைப் போய்ப் பிடிக்கும். அந்த ரிம் குரோமியப் பூச்சுப் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்போது சுமாராகப் பிடிக்கும், நனைந்தால் சக்கரம் சில சுற்று சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். மிதித்துப் போகிற 12, 15 கிலோமீட்டர் வேகத்துக்கு இது போதும், காலை ஊன்றியும் நின்றுவிடலாம். வேகம் 15லிருந்து 35 ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு இல்லை, ஐந்தரை மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் கணக்கு அது. ஆற்றுப்பாலத்திலிருந்து இறங்கி, கீழே ஆடு குறுக்கே வந்தால் இந்தக் கணக்குத்தான் முன்னால் நிற்கும்.

முன்ஃபோர்க்கையும் மறந்துவிடக் கூடாது. முப்பது வருஷம் வெளியில் நின்ற சைக்கிளில் ஹேண்டில் தண்டு ஃபோர்க்கோடு சேரும் இடம் உள்ளேயே துரு தின்றிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். என்ஜின் அதிர்வு அந்த இடத்தைத்தான் தேடிப் போகும். கழற்றிப் பார்த்து, துரு பள்ளம் விழுந்திருந்தால் ஃபோர்க்கை மாற்றிவிடுங்கள். அதில் வெல்டிங் வைக்க வேண்டாம். பொதுவாகவே சைக்கிள் ஃபிரேமில் ஆர்க் வெல்டிங் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மெல்லிய குழாய், மூட்டுகளில் பித்தளையால் பற்றவைத்தது. கைதேராதவர் ஆர்க் வைத்தால் குழாயில் ஓட்டை விழும், இல்லாவிட்டால் வெல்டிங்குக்குப் பக்கத்தில் முறுகிப்போய் பிறகு ஒருநாள் அங்கேயே ஒடியும். என்ஜினைக் கிளாம்ப் போட்டு மட்டும் பிடியுங்கள். நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள், சாதா நட் அதிர்வில் நிற்காது.

சைக்கிளில் என்ஜின் வைத்துத் தொழில் தொடங்கினவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் இதெல்லாம் புரியும். ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா 1946இல் ராணுவம் ஒதுக்கிப்போட்ட ரேடியோ ஜெனரேட்டர் என்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். முதலில் பெட்ரோல் டேங்காகச் சுடுதண்ணீர்ப் புட்டியைக்கூட வைத்துப் பார்த்திருக்கிறார். 1952இல் சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் 50 சிசி கப் என்ஜின் வந்தது. இத்தாலியில் டுகாட்டி என்ஜின் தொழிலில் இறங்கியதும் குச்சோலோ என்ற 48 சிசி சைக்கிள் என்ஜினில்தான். இவர்கள் யாரும் சைக்கிளோடு நிற்கவில்லை. சில வருஷத்திலேயே ஃபிரேம் தனி, அகலமான டயர், டிரம் பிரேக் என்று முழு வண்டிக்குப் போய்விட்டார்கள். என்ஜினில் குறை இல்லை, சைக்கிள் தாங்கவில்லை. நம்மூரில் 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதிலும் பெடல் இருந்தது, ஆனால் அது சைக்கிள் இல்லை. இரண்டு பேர் உட்காரலாம், நெல் மூட்டையும் வைக்கலாம், புல்லுக்கட்டும் வைக்கலாம் என்றுதான் டெல்டாவே அதை எடுத்துக்கொண்டது.

இப்போது போலீஸ் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28)இல் மோட்டார் வாகனம் எது என்று சொல்லியிருக்கிறது. நாலு சக்கரத்துக்குக் குறைவான வண்டியில் 25 சிசிக்கு மேற்படாத என்ஜின் இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்க இடமில்லை. 25ஐத் தாண்டினால் மோட்டார் வாகனம்தான். உங்கள் 35 சிசியும் 66 சிசியும் இதில் மாட்டும். கொண்டுபோய்ப் பதிவு செய்துகொள்ளலாமே என்றால் முடியாது. வண்டி மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்று வேண்டும், பட்டறையில் பூட்டியதற்கு யாரும் தரமாட்டார்கள். பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம்.

அபராதம்கூடப் பெரிதில்லை. வேறொருவர் மேல் இடித்துவிட்டால் இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் என்று ஆகி, நஷ்டஈடு முழுக்க உங்கள் கையிலிருந்து போகும். ‘கிராமத்து ரோட்டில் யார் கேட்கப்போகிறார்கள்’ என்பார்கள். உண்மைதான், இடிக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

இந்த 25 என்ற எண்ணில் ஒரு பொடி இருக்கிறது. கடையில் ‘25 சிசி’ என்று விற்கிற புல்வெட்டி என்ஜின்களில் பலவற்றின் விட்டம் 34, பிஸ்டன் ஓட்டம் 28 மி.மீ. கணக்கில் 25.4 சிசி. சட்டம் 25க்கு மேற்படாத என்கிறது, அப்படியானால் இது வெளியே. 43, 52 சிசி புல்வெட்டிகள் பற்றிப் பேச்சே இல்லை. வாங்குவதற்கு முன் பெயர்ப்பலகையைப் படியுங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ்25 போன்றவற்றில் 25.0 என்று எழுதியிருக்கும், அந்தப் பலகையைப் பிய்க்காமல் வைத்திருங்கள். ரசீதையும் வைத்திருங்கள்.

இவ்வளவையும் வைத்து உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது பெட்ரோலே வேண்டாம் என்பதுதான். 250 வாட்டுக்குக் குறைவான ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே உட்கார்ந்து பேட்டரியில் ஓடுகிற மோட்டார். சட்டத்தில் இதற்கும் வழி இருக்கிறது: மோட்டார் பவர் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் இல்லை, பிரேக்கும் முன்னே வெள்ளை பின்னே சிவப்பு ரிஃப்ளெக்டரும் இருக்கிறது என்று அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் சான்று கொடுத்திருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அந்தச் சான்று இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் நின்ற இடத்திலிருந்தே நகரும், கால் வேண்டாம். வேட்டி மாட்ட இரண்டாவது செயின் இல்லை. 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் பேட்டரி 25 கிலோமீட்டர் சுமாராகப் போகும், உங்களுக்குத் தினமும் வேண்டியது 12. முழுசாக ஏற்ற அரை யூனிட் கரன்ட்கூட ஆகாது. 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் நிற்பதால் பிரேக் பிரச்சினையும் பாதியாகும். பாதிதான், தீராது. கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு ஒரு சக்கரத்துக்காவது டிரம் அல்லது டிஸ்க் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கட்டைகள் நாலையும் புதிதாக மாற்றுங்கள்.

இதிலும் டெல்டாவுக்கென்று கவனிக்க வேண்டியவை உண்டு. மோட்டாருக்கு வரும் வயர் அச்சின் முனை வழியாகத்தான் உள்ளே போகிறது. வயரை மேலிருந்து நேராக அச்சுக்குக் கொண்டுவந்தால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். அச்சுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, அங்கிருந்து மேலேறிப் போகிற மாதிரி கட்டினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மோட்டாருக்குக் கரன்டை அளந்து கொடுக்கிற கன்ட்ரோலர் பெட்டியை சீட்டுக்கு அடியில் கவிழ்த்து வையுங்கள், வயர் வாய் கீழே பார்க்கட்டும். வாய்க்கால் உடைந்து ரோட்டில் ஹப் முங்குகிற அளவு தண்ணீர் ஓடினால் இறங்கித் தள்ளுவதோடு அச்சு நனையாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் வேறு வழி சுற்றிப்போக வேண்டும். பேட்டரியை ராத்திரி கழற்றி வீட்டுக்குள் வைத்து ஏற்றுவதுதான் நல்லது, மாட்டுக்கொட்டகையில் வேண்டாம். கரன்ட் இல்லாத நாட்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு திருவாரூர், நாகை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் நாட்கணக்கில் இருட்டு. அந்த மாதிரி நாளில் இது மறுபடியும் மிதிக்கிற சைக்கிளாக மாறிவிடும், அவ்வளவுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டால் கூடுதல் எடை நாலைந்து கிலோதான்.

அதற்கும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை, பெட்ரோல் வண்டிதான் என்றால் பழைய டிவிஎஸ் ஒன்றைப் பேப்பரோடு வாங்குங்கள். 15 வருஷம் ஆன வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்திருக்கிறார்களா, பெயர் மாற்றிக் கொடுப்பார்களா என்று முதலில் பாருங்கள், என்ஜினை அப்புறம் பார்க்கலாம். அதுவும் டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கும் அளவை டேங்க் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். ‘கொஞ்சம் கூட ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது’ என்று ஊற்றுகிறவர்கள் வண்டிகள்தான் புகை கக்கிக்கொண்டு, சைலன்சர் அடைத்து, பாலம் ஏறாமல் நிற்கின்றன.

ஹப் மோட்டார் என்று முடிவு செய்தால், ஆர்டர் போடுவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். ஹப் மோட்டார் பெரும்பாலும் 36 துளையோடு வரும், உங்கள் ரிம் 32 அல்லது 40 என்றால் அதே 28 இஞ்சில் 36 துளை ரிம் தனியாக வாங்க வேண்டும். முன்ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் உள்ளே உள்ள இடைவெளி எத்தனை மி.மீ. என்று பாருங்கள். மோட்டாருக்கு 100 வேண்டும், பழைய சைக்கிள்களில் அது குறைவாக இருக்கும், பக்குவமாக விரிக்க வேண்டும். அச்சு உட்காரும் வாயின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், மோட்டார் அச்சின் தட்டைப் பக்கம் 10 மி.மீ., அரத்தால் ராவ வேண்டியிருக்கும். அச்சு சுழன்றுவிடாமல் பிடிக்க ஒரு இரும்புக் கை கட்டாயம் போட வேண்டும், அதைக் கிட்டோடு தராவிட்டால் 5 மி.மீ. பட்டையில் லேத்காரரிடம் வெட்டிக்கொள்ளலாம். இந்த அளவுகளை எழுதுங்கள், முன்சக்கரத்தில் போடுவதா பின்சக்கரத்தில் போடுவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.